முதலில் வேலி, பிறகு மாவு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரே ஒரு தொழிலைப் பற்றி மட்டும் பேசலாம்னு வந்திருக்கோம். மக்காச்சோளம் அரைக்கிற மாவு மில். அதுவும் கரண்ட் மில் இல்லை. டிராக்டரில் பெல்ட் மாட்டி ஓட்டுகிற பழைய கல் மில். நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு அதை நடத்துவது உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் 4 குழுக்கள், "எங்களுக்கும் அது மாதிரி ஒண்ணு வேணும்" என்று தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அந்த மில்லில் நடந்த எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

மில் வந்த கதை

நம்ம மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போடாத வீடு குறைவு. அறுத்து, உதிர்த்து, களத்து மேட்டிலேயே வியாபாரிக்குப் போட்டுவிடுகிறோம். அதில் பெரும் பகுதி கோழித் தீவனத்துக்குப் போகுது. அப்புறம் நாமே கடைக்குப் போய் நம்ம மாட்டுக்கும் கோழிக்கும் மூட்டைத் தீவனம் வாங்குகிறோம். நாம வித்த சோளமே அரைபட்டு, பையில் அடைபட்டு, விலை ஏறி நம்ம வீட்டுக்கே திரும்பி வருது. இதை ஒரு வாரக் கூட்டத்தில் அந்தக் குழு உறுப்பினர் ஒருத்தர் சொன்னார். அதிலிருந்துதான் பேச்சு தொடங்கியது.

பக்கத்து டவுனில் மாவு மில் இருக்கு. ஆனால் போய்வர பஸ் செலவு, அரை நாள் கூலி நஷ்டம். ஊரில் ஒரு பெரியவர் வீட்டுக் கொட்டகையில் பழைய டிராக்டரும், அதோடு ஓட்டிய கல் மில்லும் சும்மா கிடந்தன. டிராக்டரின் பக்கவாட்டில் பெல்ட் மாட்டுவதற்கென்றே இரும்பு உருளை இருக்கும் பழைய மாடல் அது. மில்லைக் குழு விலைக்கு வாங்கியது. டிராக்டரை மணி வாடகைக்குப் பேசியது. பணம் உள்கடனிலிருந்து எடுத்தது. தொழில் திட்டத்தை நாங்கதான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம்.

டிராக்டரில் மில் ஓட்டுவது புதுசு ஒண்ணும் இல்லை. அமெரிக்காவில் 100 வருஷத்துக்கு முன்னாலேயே டிராக்டர் பக்கத்தில் உருளை வைத்து, நீளமான பட்டை பெல்ட் மாட்டி, கதிரடிக்கும் இயந்திரமும் மக்காச்சோள மில்லும் ஓட்டினார்கள். கிராமத்துக்குக் கரண்ட் வராத காலம் அது. இன்றைக்கும் அங்கே பழைய டிராக்டரைப் பாதுகாக்கிறவர்கள் திருவிழா மாதிரி கூடி, அதில் சோளம் அரைத்துக் காட்டுகிறார்கள். இழுவைக்கு மட்டுமில்லாமல் இப்படிப் பல வேலைக்கும் சக்தி கொடுப்பதுதான் டிராக்டரின் பலம். பிறகு பின்பக்கம் சுத்துகிற தண்டு வந்ததும் பக்கவாட்டு உருளை மெல்ல மறைந்து போனது.

நம்ம குழு மில்லும் நல்லாத்தான் ஓடியது. முதல் மாதத்திலேயே மாட்டுக்குக் குருணையும், வீட்டுக்குக் களி மாவும் அரைக்கச் சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து வந்தார்கள்.

அந்தச் சாயங்காலம்

இரண்டாவது மாதம். சாயங்கால நேரம். கூட்டம் அதிகம். குழு உறுப்பினர் ஒரு அக்கா, கீழே சிந்திய மாவைக் கூட்டி எடுக்கக் குனிந்தார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் இரண்டு முனையையும் சேர்த்திருக்கும் இரும்பு கிளிப்பில் அவர் முந்தானை மாட்டியது. கண் மூடித் திறப்பதற்குள் இழுத்துவிட்டது. பழைய நூல் சேலை. கிழிந்தது. கிழிந்ததால் உயிர் பிழைத்தார். ஆனால் முழங்கை எலும்பு முறிந்தது. டிராக்டர் பக்கத்தில் ஆள் இல்லை. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். ஓடிப்போய் நிறுத்தவே நேரமாகிவிட்டது.

மறுநாள் ஊரில் என்ன பேசினார்கள்? "முந்தானையைச் செருகாம போனா, அவ தப்பு." குழுவுக்குள்ளேயும் இரண்டு பேர் அப்படித்தான் சொன்னார்கள். வெளியே தெரிந்தால் வங்கிக் கடன் கிடைக்காது, விட்டுவிடலாம் என்றும் பேச்சு வந்தது.

அந்த அக்கா 3 மாதம் கூலி வேலைக்குப் போக முடியவில்லை. தவணை கட்டவில்லை. பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே 'நிலுவை' என்று எழுதப்பட்டது. எங்கள் ஊக்குநரும் வழக்கம் போல அதை வாசித்தார். அப்போது அவர் கட்டுப் போட்ட கையோடு எழுந்து நின்று கேட்டார்: "கல்லுக்குச் செலவு எழுதினீங்க, டீசலுக்கு எழுதினீங்க. என் கைக்கு எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. நாங்களும்தான். ஆபீசுக்கு வந்து நாங்கள் எழுதிய தொழில் திட்டத்தை எடுத்துப் பார்த்தோம். மில் விலை, பெல்ட், டீசல், கூலி, சாக்கு, தராசு எல்லாம் இருந்தது. பெல்ட்டுக்கு வேலி என்று ஒரு வரி கூட இல்லை. சமூகப்பணி படித்தவர்கள், பயிற்சி கொடுக்கிறவர்கள், எங்களுக்கே அது தோன்றவில்லை. லாபம் எவ்வளவு என்று பார்த்த கண்ணுக்கு, பெல்ட் பக்கத்தில் குனிகிற பெண் தெரியவில்லை.

நம்ம நாட்டில் இது ஒரு ஊர்க் கதை இல்லை. கதிரடிக்கும் இயந்திரங்கள் பரவிய காலத்தில் வட மாநிலங்களில் எத்தனையோ பேர் கை, விரல் இழந்தார்கள். அதன் பிறகுதான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றை மத்திய அரசு கொண்டு வந்தது. இயந்திரத்துக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும், அடிபட்டால் நஷ்டஈடு தர வேண்டும் என்பது அதன் நோக்கம். அதாவது, அடிபட்டவரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதை அரசே ஒத்துக்கொண்டது. நாம் ஒத்துக்கொள்ள வேண்டாமா?

குழு என்ன செய்தது

5 வாரம் மில்லை நிறுத்தினார்கள். வருமானம் போச்சே என்று சண்டையும் வந்தது. ஆனாலும் நிறுத்தினார்கள். தீர்மான நோட்டில் 3 தீர்மானம் எழுதினார்கள். ஒன்று, வைத்தியச் செலவு மில் செலவாக எழுதப்படும். இரண்டு, அந்த உறுப்பினரின் தவணை தள்ளி வைக்கப்படும், அபராத வட்டி கிடையாது. மூன்று, வேலி போடாமல் டிராக்டர் ஸ்டார்ட் ஆகாது.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் பழைய பைப்பும் கம்பி வலையும் வைத்து வேலி செய்தார்கள். நீங்கள் மில் வைப்பதாக இருந்தால், இந்த விஷயங்கள் உங்கள் திட்டத்தில் முதல் வரியாக இருக்க வேண்டும்:

1. பெல்ட்டின் இரண்டு பக்கமும், நெஞ்சு உயரத்துக்கு, டிராக்டரிலிருந்து மில் வரைக்கும் முழு நீளத்துக்கும் வேலி. புல்லி இரண்டுக்கும் விரல் நுழையாத கம்பி வலை மூடி. புது டிராக்டரில் பின்பக்கத் தண்டில் ஓட்டினால், அந்தத் தண்டுக்கும் மூடி வேண்டும். அது நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்துகிறது. ஒரு விநாடிக்கு 9 சுத்து. உங்கள் சேலை அதில் மாட்டினால் இழுத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2. மில் ஓடும்போது டிராக்டர் பக்கத்தில் நிறுத்தத் தெரிந்த ஒரு ஆள் எப்போதும் இருக்கணும். நம்ம உறுப்பினர்களில் 4 பேராவது நிறுத்தக் கற்றுக்கொள்ளணும். ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிறுத்தத் தெரியணும்.

3. காட்டு வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்கிறோமே, அதே மாதிரி மில்லிலும் சட்டை போட்டுப் பொத்தான் மாட்டணும். தலைமுடியைக் கொண்டை போட்டுத் துண்டு கட்டணும். துப்பட்டா, தொங்கும் தாவணி உள்ளே வரக்கூடாது. பிள்ளைகளும் வரக்கூடாது.

4. கூட்டுவது, மாவு அள்ளுவது, பெல்ட் சரி செய்வது எல்லாம் இயந்திரம் நின்ற பிறகு மட்டும். ஓடுகிற பெல்ட்டைக் கையாலோ குச்சியாலோ தள்ளி மாட்டக் கூடாது. டிராக்டர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுக்கணும்.

5. மில்லில் பதித்திருக்கும் தகட்டில் எத்தனை சுத்து என்று போட்டிருப்பார்கள். அதற்கு மேல் போகக் கூடாது. வேகம் கூடினால் கல் வெடித்துச் சிதறும். கணக்கு சுலபம். டிராக்டர் புல்லி 9 அங்குலம், அது நிமிஷத்துக்கு 1000 சுத்து சுத்தினால், 18 அங்குல மில் புல்லி 500 சுத்து சுத்தும். மில் புல்லி இரண்டு மடங்கு பெரிதானால் சுத்து பாதி. மெக்கானிக் சொன்னார் என்று விடாமல் நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

சோளத்தையும் பார்க்கணும்

உடம்புக்கு ஆபத்து பெல்ட்டில் மட்டும் இல்லை. கொட்டுகிற தானியத்திலும் இருக்கு.

1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் உள்ள ஆதிவாசி கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, மஞ்சள் காமாலை வந்து 100 பேருக்கு மேல் இறந்து போனார்கள். அறுவடை நேரத்து மழையில் நனைந்த சோளம். வேறு சாப்பாடு இல்லாததால் அதையே அரைத்துச் சாப்பிட்டார்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். வேக வைத்தாலும் அது முழுதும் போகாது. மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும். அதனால் பச்சை, கறுப்புப் பூஞ்சை பிடித்த சோளத்தை "மாட்டுக்குத்தானே" என்று அரைத்துக் கொடுக்காதீர்கள். யார் கொண்டு வந்தாலும் திருப்பி அனுப்பணும். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் சரி.

ஈரம் பார்க்க ஒரு வழி. நல்லா காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால்வாசி சோளம், அதோடு வெயிலில் காய வைத்த பொடி உப்பு கொஞ்சம் போட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் அதிகம், இன்னும் காய வைக்கணும். ஒட்டாவிட்டாலும் சேமித்து வைப்பதற்கு இன்னும் 2 நாள் வெயில் நல்லது. ஈரச் சோளம் கல்லில் அப்பிக்கொள்ளும், மாவும் சீக்கிரம் கெடும்.

அரைக்கும்போது இரண்டு தடவையாக அரைப்பது நல்லது. முதலில் குருணை, சலித்துவிட்டு மறுபடி மாவு. வெளியே வரும் மாவைக் கையில் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் கல் ரொம்ப நெருக்கமாக இருக்கு, அல்லது தானியம் போதாமல் ஓடுது. தானியம் இல்லாமல் கல்லைச் சும்மா ஓட்டினால் கல்லோடு கல் உரசி, மாவில் கல் பொடி கலக்கும். கல் கொத்திய பிறகு முதலில் அரைக்கிற சில கிலோவை மனுஷருக்கும் கொடுக்கக் கூடாது, மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது. குழியில் போடணும்.

மக்காச்சோளத்தின் முளைக்கருவில் எண்ணெய் இருக்கு. முழுசாக அரைத்த மாவு சில வாரத்தில் காறல் வாடை அடிக்கும். அதனால் வீட்டுக்கு 10, 15 நாளுக்கு வேண்டியதை மட்டும் அரைக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வருவார்கள், மில்லுக்கும் வேலை.

இன்னொன்று. மக்காச்சோளம் நல்ல சாப்பாடுதான். களி, அடை, புட்டு எல்லாம் செய்யலாம். ஆனால் அது மட்டுமே சாப்பாடாகக் கூடாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1900-க்குப் பிறகு ஏழை விவசாயக் கூலிகளுக்கு ஒரு நோய் வந்தது. தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு, புத்தி தடுமாற்றம், கடைசியில் சாவு. பெல்லாக்ரா என்று பெயர். தொற்று நோய் என்று பயந்தார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர்தான், இது தொற்று இல்லை, மக்காச்சோள மாவையே பெரும்பாலும் சாப்பிட்டு, பால், மாமிசம், பயறு இல்லாததால் வருது என்று காட்டினார். நியாசின் என்ற வைட்டமின் குறைபாடு என்பது 1937-ல் தெளிவானது. மெக்சிகோ மக்கள் பழங்காலத்திலிருந்தே சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்துக் கழுவி அரைப்பார்கள். அதனால் சோளத்திலுள்ள அந்தச் சத்து உடம்பில் சேரும். நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்திருக்கிறோம், சோளத்துக்கு வைக்கவில்லை. பரவாயில்லை. களியோடு பருப்பு, கடலை, கீரை, முடிந்தால் முட்டை வைத்துச் சாப்பிட்டால் போதும். பிள்ளைகளுக்கு முக்கியமாக.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம்

டிராக்டர் பெரிய இயந்திரம். ஒரு மாவு மில்லுக்கு அது யானையை வைத்து உழுவது மாதிரி. அதனால் நேரம் பார்த்து ஓட்டணும். கணக்குச் சுலபத்துக்கு, டீசல் லிட்டர் 100 ரூபாய், மணிக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். டீசல் 300, கூலி 100, கல், பெல்ட், ரிப்பேருக்கு ஒதுக்க 50. மொத்தம் மணிக்கு 450. கிலோவுக்கு 3 ரூபாய் வாங்கினால், மணிக்கு 200 கிலோ அரைத்தால் 600 வருது, 150 மிச்சம். ஒவ்வொருத்தராக வந்து, நடுவில் காத்திருந்து, 100 கிலோதான் அரைபட்டது என்றால் 300 வருது, 150 நஷ்டம். அதே மில், அதே ஆள்.

அதனால் அந்தக் குழு இப்போது வாரத்தில் 2 நாள் மட்டும் அரைக்கிறார்கள். முதல் நாளே மூட்டைகளை வாங்கி, பெயர் எழுதி, எடை போட்டு, பூஞ்சை பார்த்து அடுக்கி விடுகிறார்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் நிற்காமல் ஓடி முடியுது. கூட்ட நெரிசலும் இல்லை. நெரிசல் இல்லாததே பாதி பாதுகாப்பு. டிராக்டர் வாடகை உங்கள் ஊரில் எவ்வளவோ அதை இந்தக் கணக்கில் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். நஷ்டம் வந்தால் வெட்கப்படாமல் வேண்டாம் என்று முடிவெடுங்கள். மும்முனை மின்சாரம் ஒழுங்காக வருகிற ஊர் என்றால் மோட்டார் மில்தான் மலிவு. மாவாகப் பாக்கெட் போட்டு விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளணும்.

விபத்துக் காப்பீடும் எடுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் 2015-ல் தொடங்கியது. 2022-லிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய்தான் பிரீமியம், வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு அதன் அளவைப் பொறுத்துப் பணம். ஆனால் எலும்பு முறிந்து ஆறிவிட்டால் அதில் ஒன்றும் வராது. அதற்குத்தான் குழு தனியாக ஒதுக்கணும். அந்தக் குழு ஒவ்வொரு அரைவை நாளும் வரும் பணத்தில், மிச்சம் பார்க்கும் முன்பே, ஒரு தொகையை எடுத்து வைக்கிறது. பேரேட்டில் அதற்குத் தனிப் பக்கம் இருக்கு. மேலே என்ன தலைப்பு எழுதுவது என்று கேட்டபோது அந்த அக்காவே சொன்னார், "கைக்கணக்குன்னு எழுதுங்க."

அவர் முழங்கை இன்னும் முழுசாக நீட்ட முடியாது. குடம் தூக்க முடியாது. கொஞ்ச நாள் மில் பக்கமே வரவில்லை. நாங்களும் கட்டாயப்படுத்தவில்லை. இப்போது அரைவை நாளில் மேஜையில் உட்கார்ந்து எடை எழுதுகிறார். டிராக்டர் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எழுந்து போய் வேலிக் கதவு பூட்டியிருக்கா என்று இழுத்துப் பார்க்கிறார். அவர் தலையசைத்தால்தான் ஓட்டுநர் ஸ்டார்ட் செய்வார். அப்படி ஒரு தீர்மானமும் நோட்டில் இருக்கு.

சகோதரிகளே, தீர்மானம் கொடுத்த 4 குழுக்களுக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஊருக்குப் போய் அடுத்த வாரக் கூட்டத்தில் இதைச் சத்தமாக வாசியுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் புரிகிற மாதிரி வாசியுங்கள். பிறகு அந்த ஊருக்கு நேரில் போய், ஒரு அரைவை நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகும் மில் வேண்டும் என்றால், தொழில் திட்டத்தில் முதல் வரியாக வேலியை எழுதி எங்களிடம் கொண்டு வாருங்கள். அந்த வரி இல்லாத திட்டத்தில் இனி நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம். எங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தீர்மானம்.

வேற தொழில் செய்கிற குழுக்களும் இன்றைக்கே உங்கள் இடத்தைப் பாருங்கள். செக்கு, கிரைண்டர், நாப்கின் இயந்திரம், தீவன வெட்டி எதுவானாலும் சரி, சுத்துகிற பாகம் எங்கே மூடாமல் இருக்கு என்று பார்த்து, அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் எழுதிக் கொண்டு வந்து கொடுங்கள்.